நான் வெட்டச் சொன்ன கைகள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒரு மார்ச் மாதத்தில், பாளையங்கோட்டையில் நடந்தது இது. எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் மகளிர் பிரிவுக்கு அப்போது நான் செயலாளர். சங்கங்களில் இருந்தவர்களுக்கு அந்தப் பதவியின் லட்சணம் தெரியும். நாற்காலிக்குச் சொல்வது, மைக் செட்டுக்குச் சொல்வது, சுண்டலுக்குச் சொல்வது, வராதவர்களை வீடு வீடாகப் போய்க் கெஞ்சுவது எல்லாம் செயலாளர். மாலை வாங்கிக்கொள்வது தலைவி. வங்கி வேலையையும் வீட்டையும் பார்த்துக்கொண்டு ஆறு வருடங்களாக இந்தத் தலைவலியை நான் சுமந்துகொண்டிருந்தேன். அதனால் எனக்குள் எரிச்சல் எப்போதும் கொதிநிலையில் இருக்கும் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மகளிர் தினத்துக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு சாதனைப் பெண்மணிக்குக் கேடயம் கொடுப்போம். வழக்கமாக ஒரு டாக்டரம்மாவுக்குப் போகும். இல்லையென்றால் தலைவிக்கு வேண்டிய யாராவது ஜவுளிக்கடைக்காரர் வீட்டம்மாவுக்குப் போகும். அந்த வருடம் நான் வேறொருவரை முன்வைத்தேன். முக்கூடலில் ஒரு அம்மா இருக்கிறார், அந்தக் காலத்தில் சர்க்கஸில் அந்தரத்து ஊஞ்சலில் பார் விளையாடியவர், நம் பக்கத்துப் பெண்கள் யாரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காத காலத்தில் போனவர் என்று வங்கிக்கு வரும் ஒரு வாடிக்கையாளர் சொல்லியிருந்தார். தலைவி உதட்டைப் பிதுக்கினார்.

"சர்க்கஸா? கேக்கவங்க சிரிக்க மாட்டாவளா?"

அந்த ஒரு வார்த்தைக்காகவே நான் விடவில்லை. கமிட்டியில் சத்தம் போட்டு, கோபித்துக்கொண்டு எழுந்து, திரும்ப உட்கார்ந்து, ஒருவழியாகச் சம்மதிக்க வைத்தேன். இனி விழா சொதப்பினால் என் முகத்தில்தான் கரி.

விவரம் சேகரிக்க ஒரு சனிக்கிழமை முக்கூடல் போனேன். ஆற்றுக்குப் போகிற தெருவில் சின்ன ஓட்டு வீடு. எழுபதைத் தாண்டிய அந்த அம்மா உவரிப் பக்கம் கடற்கரைக் கிராமத்தில் பிறந்தவர். சர்க்கஸில் கூடாரம் அடிக்கிற வேலை பார்த்த முக்கூடல்காரரைக் கல்யாணம் செய்துகொண்டு, அவர் காலமான பிறகும் இங்கேயே தங்கிவிட்டவர். குள்ளம்தான், ஆனால் தோள்கள் மட்டும் ஆண்களுக்கு இருப்பதைப் போல அகலம். நான் நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஆர்வமாக ஆரம்பித்தேன்.

"சர்க்கஸ்ல என்னம்மா செஞ்சீங்க?"

"தொங்குனேன்."

"அப்புறம்?"

"எறங்குனேன்."

நானும் அரை மணி நேரம் கேட்டுப் பார்த்தேன். சிங்கம் புலியோடு பழகினீர்களா? இல்லை. வெளிநாடு போனீர்களா? ஒருதடவை, கப்பலில். பயமாக இருந்ததா? கப்பலா, வாந்திதான். இதை வைத்துக்கொண்டு நான் மேடையில் என்ன பேசுவது? படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். எழுந்து போய் வேதப்புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை எடுத்துவந்தார். ஜிகினா உடையில் ஒரு பெண் இரண்டு கைகளையும் நீட்டியபடி அந்தரத்தில் பறந்துகொண்டிருந்தாள். அடேயப்பா என்றிருந்தது எனக்கு.

"இதுல பாருங்க மக்கா" என்று அந்த அம்மா ஏதோ சொல்ல ஆரம்பித்தபோது என் போன் அடித்தது. தலைவிதான். சுண்டலா கேசரியா என்று முடிவு செய்ய வேண்டுமாம். பேசிக்கொண்டே இன்னொரு கையால் சைகை காட்டி, போன் காமிராவுக்குப் படத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். எடுத்தேன். கும்பிட்டேன். காரில் ஏறிவிட்டேன். அவர் என்ன சொல்ல வந்தார் என்று நான் கேட்கவே இல்லை.

மறுநாள் ஜங்ஷனில் பிளக்ஸ் அடிக்கும் கடைக்குப் போனேன். பத்தடிக்கு எட்டடி பேனர். மேலே சங்கத்தின் பெயர், அதன் பக்கத்தில் தலைவியின் படம், நடுவில் பறக்கும் பெண், கீழே 'சாதனைப் பெண்மணி' என்று எழுதி முக்கூடல் அம்மாவின் பெயர். கடைக்கார அண்ணாச்சி கம்ப்யூட்டரில் படத்தை இப்படியும் அப்படியும் நகர்த்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஏக்கா, மேல ஓரத்துல ரெண்டு கை தெரியுதே, என்ன செய்ய?"

"தலைவி படம் வைக்க எடம் வேணும் அண்ணாச்சி. வெட்டிருங்க."

"கைய வெட்டிட்டா இந்தப் பிள்ள எங்க போவுதுன்னு தெரியாதேக்கா?"

"எங்கயும் போவட்டும். நீங்க வெட்டுங்க."

வெட்டினார்.

விழா அன்று மாலை நான்கு மணிக்கு நிகழ்ச்சி. ஏசி வேலை செய்யாத என் காரை எடுத்துக்கொண்டு பத்தரை மணிக்கே கிளம்பினேன். போக ஒரு மணி நேரம், வர ஒரு மணி நேரம், நடுவில் தாமதமானாலும் இரண்டு மணிக்குள் மண்டபத்தில் இருக்கலாம் என்பது என் கணக்கு. முக்கூடலில் அந்த அம்மா வெள்ளைப் பருத்திச் சேலையில், மடியில் பையோடு, தயாராக நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கடவுளே, நேரத்துக்குத் தயாராகும் ஒரு பெண்மணியை இந்த ஜில்லாவில் பார்த்துவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை.

"வள்ளியூர் போயிட்டுப் போவோம்" என்றார்.

முக்கூடல் எங்கே, வள்ளியூர் எங்கே! சேரன்மகாதேவி, களக்காடு, ஏர்வாடி என்று சுற்றிக்கொண்டு தெற்கே போக வேண்டும். எதற்கு என்று கேட்டேன்.

"ஒருத்திய ஏத்தணும்."

"பஸ்ல வரச் சொல்லலாமே?"

"அவளுக்குக் கால் சரியில்ல."

"நேரம் ஆயிரும்மா. பெரிய ஆளுங்கல்லாம் வாராங்க."

"அப்பம் நீங்க போயிட்டு வாங்க மக்கா" என்று சொல்லி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். குரலை உயர்த்தவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. வாசலுக்குப் போய் இரண்டு தடவை மூச்சை இழுத்து விட்டுவிட்டு வந்து, ஏறுங்கள் என்றேன்.

வழியெல்லாம் பேச்சே இல்லை. நான் கொஞ்சம் வேகம் எடுத்தால் "பைய, பைய" என்பார். களக்காட்டுக்குப் பக்கத்தில் திடீரென்று கேட்டார்.

"மேடை எம்புட்டு உயரம்?"

"மூணடி இருக்கும்."

"படி யாரு போட்டா?"

"பந்தல்காரர் போட்டிருப்பார்."

"அவரு ஏறிப் பாத்தாரா?"

ஸ்டியரிங்கை நான் பிடித்த பிடியில் அது கையோடு வந்திருக்க வேண்டும். பாளையங்கோட்டையில் ஒரு கேடயம் வாங்க மூன்று படி ஏறப் போகிறவர், இமயமலை ஏறப் போகிறவரைப் போலக் கேள்வி கேட்கிறார்!

வள்ளியூரில் அவர் சொன்ன ஆள் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சின்னதாகச் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒரு அம்மா. இவரைவிட ஆறேழு வயது இளையவர், நல்ல பருமன், இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தார். முக்கூடல் அம்மா பேசாததற்கும் சேர்த்து இவர் பேசினார். நாங்கள் போனபோது கடையில் மத்தியானக் கூட்டம். பத்து நிமிடம் என்றார். பத்து நிமிடம் ஒரு மணி நேரமானது. சாப்பிடாமல் கிளம்பக் கூடாது என்று எனக்கும் இலை போட்டார். பசித்தது, சாம்பாரும் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் கோபத்தில் ஒவ்வொரு வாயையும் கடித்துத் துப்புவதைப் போலத்தான் தின்றேன். அதன் பிறகு அவர் பட்டுச் சேலை மாற்றி, பூ வைத்து, கண்ணாடி பார்த்து, காரில் ஏறும்போது மணி இரண்டே முக்கால்.

நாலுவழிச் சாலையில் ஏறியதும் வள்ளியூர் அம்மா ஆரம்பித்தார். முக்கூடல் அம்மா முன்சீட்டில் கண்களை மூடிக்கொண்டார். காற்றாலைகள் பின்னால் போய்க்கொண்டிருந்தன. என் காதில் பாதிதான் விழுந்தது. மீதி மூளை முழுவதும் கடிகாரத்தில் இருந்தது.

"இவ மொகத்தப் பாத்தா ஒண்ணும் தெரியாது. பதினாறு வயசுல கரைவலை இழுத்துக்கிட்டு இருந்தவ. அப்பன் கடல்ல போயிட்டான், வீட்டுல நாலு பிள்ளைய. தூத்துக்குடிக்கு சர்க்கஸ் வந்துச்சு. போயி முதலாளிட்ட வேல கேட்டுருக்கா. ஒனக்கு என்ன தெரியும்னு கேட்டாராம். இழுக்கத் தெரியும்னாளாம். கூடாரக் கயிறு இழுக்கத்தான் சேத்தாவ."

அங்கிருந்து கதை ஓடியது. பாரில் பறக்கும் பெண்களை எதிர் ஊஞ்சலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு பிடிக்கிறவருக்குச் சர்க்கஸில் கேச்சர் என்று பெயராம். அது எப்போதும் ஆண்தான். அந்தச் சர்க்கஸில் இருந்த ஆள் குடித்துவிட்டு வருவான். ஒருநாள் பறக்கும் பெண்கள் மூன்று பேரும் மேலே போக மாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது கயிறு இழுக்கிற இந்தப் பெண், நான் தொங்குகிறேன் என்றாராம். முதலாளி சிரித்திருக்கிறார். பொம்பளை ஒரு ஆளை எப்படித் தாங்குவாள்? இவர் ஊஞ்சலில் முழங்காலை மடித்துத் தொங்கி, கீழே இருந்த அரிசி மூட்டையைத் தூக்கிக் காட்டியிருக்கிறார்.

"ஆனா பொம்பள பிடிக்கான்னு தெரிஞ்சா பாக்குத சனம் பயந்துரும்னு முதலாளி ஒத்துக்கிடல. பேண்டு சட்டை போட்டு, தலைமுடியச் சுருட்டித் தொப்பிக்குள்ள வச்சு, ஆம்பளப் பேரச் சொல்லித்தான் மைக்குல அறிவிப்பாவ. அஞ்சு வருசம் இப்படியே ஓடுச்சு, கேட்டியளா? ஒருநா நாக்பூர்ல தொங்கிட்டு இருக்கா, தொப்பி கழண்டு விழுந்துட்டு. முடி அம்புட்டும் கீழ தொங்குது. சனம் அப்படியே வாயப் பொளந்துட்டு. நான் அந்தப் பக்கம் பறக்க நிக்கேன். இவ என்னப் பாத்து 'வா'ன்னா. போனேன். பிடிச்சா. கூடாரமே கிழியுத மாதிரி கைதட்டு! அதுக்குப் பொறவு தொப்பி கெடையாது."

நாங்குநேரியைத் தாண்டிக்கொண்டிருந்தோம். என் கால் தானாக ஆக்சிலரேட்டரில் இருந்து எழும்பியது.

"ஒரு நிமிசம்மா. நீங்க பறந்தீங்க. இவங்க பிடிச்சாங்க. அப்படியா?"

"ஆமா. பதினஞ்சு வருசம். எங்களச் சேத்து ஒரு படம்கூட உண்டுமே, இவ வேதப்புத்தகத்துல வச்சிருக்கா, பாத்திருக்கமாட்டிய."

பார்த்திருந்தேன். அதைப் பத்தடிக்கு எட்டடியாக அடித்து, மேடையில் மாட்டியும் வைத்திருந்தேன். ஜிகினா உடையில் பறந்தவர் பின்சீட்டில் பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்சீட்டில் கண்மூடி இருந்தவரை அந்தப் படத்திலிருந்து வெட்டச் சொன்னதே நான்தான்.

வியர்வை வழிந்தது, ஏசி இல்லாததால் மட்டும் அல்ல. டயரைப் பார்க்கிறேன் என்று பொய் சொல்லி வண்டியை ஓரங்கட்டினேன். இறங்கிப் போய், பேனரைக் கழற்றிவிடச் சொல்லித் தலைவிக்குப் போன் போட்டேன்.

"கழட்டவா? வெளையாடுதீங்களா? என் படம் போட்ட ஒரே பேனர் அதுதான். போட்டோகிராபர் வந்தாச்சு."

"அது வேற ஆள் படம்."

"யாரு கண்டுபிடிக்கப் போறா? வயசாயிட்டா எல்லாரும் ஒரே மாதிரிதான இருப்பாவ" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்கு அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போல இருந்தது. என் கழுத்தையும்தான். திரும்பி வந்து காரில் உட்கார்ந்து, "டயர் நல்லாத்தான் இருக்கு" என்றேன். உண்மையை அங்கேயே சொல்லியிருக்கலாம். பாளையங்கோட்டை வரும்வரை அரை மணி நேரம் இருந்தது. எனக்குத் தைரியம் வரவில்லை.

வள்ளியூர் அம்மா தன் கால் போன கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். பறக்கிறவர் எந்தக் காரணம் கொண்டும் எதிரில் இருக்கிறவரைப் பிடிக்க முயலக் கூடாதாம். கையை நீட்டிக்கொண்டு சும்மா போக வேண்டும், பிடிக்கிறவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். ஒருநாள் இவர் அவசரப்பட்டுத் தாவிப் பிடிக்கப் போய், வலையின் ஓரத்தில் விழுந்து வெளியே தெறித்திருக்கிறார். முழங்கால் போனது. "தப்பு என் மேலதான். ஆனா இவளும் அதோட ஏறல. நல்லா ஓடிக்கிட்டு இருந்த காலத்துல விட்டுட்டு வந்துட்டா, பைத்தியக்காரி." முன்சீட்டில் இருந்தவர் கண்களைத் திறக்கவில்லை.

மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருந்தது. நூற்றைம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் மின்விளக்கு வெளிச்சத்தில் அந்தப் பேனர். வள்ளியூர் அம்மாதான் முதலில் பார்த்தார்.

"ஏட்டி! இது நானுல்லா!" என்று குழந்தை மாதிரி கை கொட்டினார். பிறகு பக்கத்தில் போய்க் கீழே இருந்த எழுத்தை வாசித்தார். முகம் மாறியது. "ஓம் பேரப் போட்டு என் படத்தப் போட்டிருக்காவ. நீ எங்கட்டி?"

முக்கூடல் அம்மா மெல்ல வந்து பேனருக்கு முன்னால் நின்றார். பறக்கும் பெண்ணை அவர் பார்க்கவில்லை. அதற்கு மேலே, தலைவி சிரித்துக்கொண்டிருந்த இடத்தைத்தான் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கை எங்க மக்கா?"

"அந்த பிளக்ஸ் கடைக்காரர் செஞ்ச தப்பும்மா. நான் சொல்லச் சொல்லக் கேக்கல" என்றேன். வாய் கூசாமல் வந்தது பொய். பேனரின் ஒரு மூலை அவிழ்ந்திருக்கிறது என்று தலைவி கூப்பிட்டு, அந்த அண்ணாச்சி அங்கேயே ஸ்டூலில் நின்று கட்டிக்கொண்டிருப்பதை நான் பார்க்கவில்லை.

"ஏக்கா, நாந்தான் அன்னைக்கே கேட்டம்லா? கைய வெட்டிட்டா பிள்ள எங்க போவுதுன்னு தெரியாதுன்னு" என்றார் அவர், மேலே இருந்தபடியே. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் அந்த இடத்திலேயே தரைக்குள் போயிருக்க வேண்டும்.

முக்கூடல் அம்மா நடந்து போய்க் கடைசி வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். "படத்துல இருக்கவ ஏறட்டும்" என்றார். சரி, வள்ளியூர் அம்மாவையாவது ஏற்றிச் சமாளிக்கலாம் என்று அவரிடம் போனேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"அவ மேல போயி நிக்காம நான் ஏணியில கால் வச்சதே கெடையாது. சர்க்கஸ்ல பிடிக்கவதான் மொதல்ல ஏறணும். அவ போயி, கையில பவுடர் போட்டு, தலைகீழாத் தொங்கி, வான்னு சொன்ன பொறவுதான் பறக்கவ ஏறுவா. ஆள் இல்லாத தெசையப் பாத்து எவளாவது பறப்பாளா?"

"இது சர்க்கஸ் இல்லம்மா, மேடை! மூணு படி!"

"மூணு படின்னாலும் அதுதான் மொறை."

முக்கூடல் அம்மா ஏறினால்தான் வள்ளியூர் அம்மா ஏறுவார். படத்தில் இருக்கிறவர் அவர் என்பதால் இவர் ஏற மாட்டார். மேடையில் சிறப்பு விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார். தலைவி எனக்கு மட்டும் கேட்கும்படி பல்லைக் கடித்துக்கொண்டு, "சர்க்கஸ் வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேன்" என்றார். நான் கடைசி வரிசைக்கும் படிக்கும் இடையில் நாலு தடவை ஓடினேன். ஐந்தாவது தடவை எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது.

"உங்களுக்கு என்னதாம்மா வேணும்?" என்று கத்தியே விட்டேன். "காலையில இருந்து உங்களுக்காகத்தான நாயா அலையுதேன்! முக்கூடலுக்கும் வள்ளியூருக்கும் வண்டி ஓட்டி, கமிட்டியில பேச்சு வாங்கி... ஒருத்தராவது ஒரு நல்ல வார்த்தை சொல்லுதீங்களா?"

பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. முக்கூடல் அம்மா என்னைப் பார்த்தார். அன்று முழுவதும் அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அப்போதுதான் வந்தது.

"தெரியும் மக்கா. காலையில இருந்து பாத்துக்கிட்டுத்தான வாரேன். நீங்க இல்லன்னா இங்க ஒண்ணும் நடக்காது. அது அந்த மேடையில இருக்க யாருக்கும் தெரியாது. ஒங்களுக்கு எப்படி இருக்கு? எனக்கும் அப்படித்தான் இருக்கு. கேடயம் ஒண்ணும் வேண்டாம். அங்கன ரெண்டு கை இருந்துச்சுன்னு மட்டும் சொல்லிருங்க."

என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. நேராக மேடைக்குப் போய் மைக்கை எடுத்தேன். எழுதி வைத்திருந்த பேச்சைத் தொடவில்லை. "பின்னால் படத்தில் இருப்பவர் இன்று விருது வாங்குபவர் இல்லை" என்று ஆரம்பித்தேன். "இந்தப் பெண்ணை அந்தரத்தில் பிடித்த இரண்டு கைகள் இதே படத்தில் மேலே இருந்தன. அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரருக்குத்தான் இந்த விருது. இடம் போதவில்லை என்று அவற்றை வெட்டச் சொன்னவள் நான். கடைக்காரர் வேண்டாம் என்றார், நான்தான் கேட்கவில்லை." காரில் கேட்ட கதையை, கரைவலையிலிருந்து நாக்பூர் தொப்பி வரை, தட்டுத் தடுமாறிச் சொன்னேன். தலைவியின் பக்கம் நான் திரும்பவே இல்லை.

முடித்தபோது முக்கூடல் அம்மா எழுந்து வந்துகொண்டிருந்தார். அப்பாடா என்று இருந்தது. ஆனால் அவர் படிக்குப் பக்கத்தில் வந்து நின்று, முதல் படியைக் காலால் ஆட்டிப் பார்த்தார். ஆடியது. இரண்டாவதை ஆட்டினார். அதுவும் ஆடியது. சபை மொத்தமும் காத்திருக்க, பிளக்ஸ் அண்ணாச்சியைக் கூப்பிட்டுச் செங்கல் எடுத்துவரச் சொல்லி, இரண்டு பக்கமும் அண்டக் கொடுத்து, மறுபடி ஆட்டிப் பார்த்துத் திருப்தியான பிறகுதான் ஏறினார். அந்த நெகிழ்ச்சியிலும் எனக்கு எரிச்சல் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மேலே போய் ஓரத்தில் நின்று, காலை அகட்டி வைத்துக்கொண்டு, குனிந்து இரண்டு கைகளையும் கீழே நீட்டினார். "வா" என்றார்.

வள்ளியூர் அம்மா கைகளை நீட்டினார். முக்கூடல் அம்மா விரல்களைப் பிடிக்கவில்லை; மணிக்கட்டுகளைப் பிடித்தார். அவ்வளவு பருமனான உடம்பு, வராத கால், எல்லாம் சேர்ந்து மூன்றே எட்டில் மேடைக்கு வந்துவிட்டது. வந்த வேகத்தில் வள்ளியூர் அம்மா சபையைப் பார்த்துத் திரும்பி, ஒரு கையைத் தலைக்கு மேலே உயர்த்தி, அந்தக் காலத்தில் கூடாரத்தில் செய்ததைப் போல ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். மண்டபம் அதிர்ந்தது. விசில்கூட வந்தது. நான் மைக்கில் பேசும்போது போன் பார்த்துக்கொண்டிருந்த சிறப்பு விருந்தினர் சட்டென்று எழுந்து, பொன்னாடையைக் கொண்டுபோய் வள்ளியூர் அம்மாவுக்குப் போர்த்திவிட்டார்.

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. இவ்வளவு சொல்லியும்! "சார், அவங்க இல்ல" என்று ஓடப் போனேன். என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. அப்படி ஒரு பிடியை நான் அதற்கு முன்பு அறிந்ததில்லை. வலிக்கவில்லை, ஆனால் அசைய முடியவில்லை.

"விடுங்க மக்கா" என்றார் முக்கூடல் அம்மா.

"உங்களுக்குள்ளதும்மா அது! மறுபடியும் அவங்களுக்குத்தான கை தட்டுதாங்க!"

"தட்டட்டும். தட்டுனா அவ நல்லபடியா வந்து சேந்துட்டான்னு அர்த்தம். தலைகீழாத் தொங்கும்போது எனக்குக் கூட்டம் தெரியாது, அந்தச் சத்தம்தான் கேக்கும்." என் மணிக்கட்டை விட்டார். "அவ விழுந்த அன்னைக்கு ஒருத்தரும் தட்டல. அம்புட்டுப் பெரிய கூடாரத்துல ஒரு சத்தம் இல்ல. அதக் கேட்ட பொறவு நான் ஏறவே இல்ல."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வள்ளியூர் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாவோ பொன்னாடையை உருவி, விருந்தினரை ஒரு அதட்டு அதட்டி, அதைக் கொண்டுவந்து இவர் தோளில் போட்டார். கேடயத்தையும் வாங்கி இவர் கையில் திணித்தார். அப்போதும் சபை தட்டியது. முன்பு தட்டியதில் பாதிதான் இருக்கும். இவர் அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டதாகவே தெரியவில்லை.

அன்று இரவு வள்ளியூர் அம்மாவும் அங்கேயே தங்குவதாகச் சொன்னதால், இருவரையும் முக்கூடலில் கொண்டுவிட்டேன்; வழியெல்லாம், படி போட்டவரைக் கண்டிக்கச் சொல்லி எனக்கு அறிவுரை கிடைத்தது. இறக்கிவிட்டுத் தனியாகத் திரும்பும்போது என் மதினி நினைவுக்கு வந்தார். என் அண்ணன் மனைவி. எனக்கு வெளியூருக்கு மாற்றல் வந்தபோது, பார்த்துக்கொண்டிருந்த பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு என் கைக்குழந்தையை இரண்டு வருடம் வளர்த்துத் தந்தவர். முந்தைய வருடம் எனக்குப் பதவி உயர்வு வந்து வங்கியில் பாராட்டியபோது, தனியாளாகப் போராடி மேலே வந்தேன் என்று பேசி எல்லோரிடமும் கைதட்டு வாங்கினேன். மதினி அன்று வந்திருந்தார். நன்றாகத் தட்டினார், முன்வரிசையில் உட்கார்ந்து.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போய், அன்றைய பேச்சில் அவரை விட்டுவிட்டதைச் சொன்னேன். அவர் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "ஏட்டி, ஒனக்கு என்ன காய்ச்சலா?" என்று புறங்கையால் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க ஆரம்பித்தேன்.

செயலாளர் பதவி இன்னும் என் தலையில்தான் இருக்கிறது, என் வேலைக்குத் தலைவி மாலை வாங்கும்போது எனக்கு இன்னும் எரியத்தான் செய்கிறது. ஆனால் எங்கே கைதட்டல் கேட்டாலும், விழாமல் வந்து சேர்ந்த அந்த ஆளை எந்தக் கை பிடித்திருக்கும் என்று தேடிப் பார்க்காமல் இப்போது என்னால் தட்ட முடிவதில்லை.